சென்னை கண்டெடுத்த ஐந்து சிறுகோள்கள்: ஓர் ஒளிப்புள்ளி உலகமாக மாறிய வரலாறு

பெங்களூரின் ஆஸ்டின் டவுனிலிருந்து தெற்கே விவேக் நகரைக் கடந்து சில கிலோமீட்டர் சென்றால் கோரமங்கலாவில் இந்திய வானியற்பியல் நிறுவனம் இருக்கிறது. தமிழ் நாள்தோறும் புழங்கும் ஒரு குடியிருப்புக்கு இவ்வளவு அருகில், தமிழக அறிவியல் வரலாற்றின் முதன்மையான ஆவணத் தொகுப்புகளுள் ஒன்று பாதுகாக்கப்படுகிறது என்பது பரவலாக அறியப்படாத செய்தி. நுங்கம்பாக்கத்தில் இயங்கிய சென்னை வான்நோக்கு நிலையத்தின் பதிவேடுகளும் அச்சிட்ட தொகுதிகளும் கொடைக்கானல் வழியாக இந்த நிறுவனத்தின் பொறுப்புக்கு வந்து சேர்ந்தவை.

அந்த நிலையத்திலிருந்து 1861 முதல் 1885 வரை ஐந்து சிறுகோள்கள் கண்டுபிடிக்கப்பட்டன. 1861 ஏப்ரல் 17 அன்று ஆசியா (67), 1864 மே 2 அன்று சாஃபோ (80), 1866 மே 16 அன்று சில்வியா (87), 1868 நவம்பர் 17 அன்று கமில்லா (107), 1885 பிப்ரவரி 6 அன்று வெரா (245). ஐந்தையும் கண்டவர் நிலையத்தின் பொறுப்பாளராக இருந்த நார்மன் ராபர்ட் பாக்சன். பெயர், எண், நாள், இடம், கண்டவர் என்ற ஐந்து செய்திகளோடு உலக அட்டவணைகள் இவற்றை முடித்துக்கொள்கின்றன. ஆனால் அந்த நாள்களில் சென்னையில் காணப்பட்டவை ஐந்து ஒளிப்புள்ளிகள் மட்டுமே. அவற்றின் அளவோ, நிறையோ, வடிவமோ, உட்பொருளோ அன்று எவருக்கும் தெரியாது. சிறுகோள் ஒன்றின் கண்டுபிடிப்பு ஓர் இரவில் தொடங்குகிறதே அன்றி முடிவதில்லை என்பதையும், அதைத் தொடர்ந்து நடத்துவது பதிவேடு என்பதையும் இந்த ஐந்தின் வரலாறு தெளிவாகக் காட்டுகிறது.

நிலையம் உருவான வரலாறு

1786இல் வில்லியம் பெட்ரி என்ற கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி எழும்பூரில் தம் சொந்தச் செலவில் அமைத்த வான்நோக்கு நிலையமே தொடக்கம். கம்பெனி அதை ஏற்றுக்கொண்டபின் 1792இல் நுங்கம்பாக்கத்தில் தனிக் கட்டடம் எழுந்தது. கருவியைத் தாங்க அங்கு நிறுத்தப்பட்ட கருங்கல் தூணில் தமிழ் உள்ளிட்ட பல மொழிகளில் வாசகம் பொறிக்கப்பட்டது. அத்தூண் இன்றும் நுங்கம்பாக்கம் வானிலை ஆய்வு மைய வளாகத்தில் நிற்கிறது. நிலத்தை அளப்பதற்கும் கப்பல்களுக்கு நேரமும் தீர்க்கரேகையும் அறிவிப்பதற்கும் கம்பெனிக்கு ஒரு வான்நோக்கு நிலையம் தேவைப்பட்டது. விண்மீன்களின் இருப்பிடத்தைத் துல்லியமாக அளக்கும் வழக்கம் இந்தத் தேவையிலிருந்தே பிறந்தது. டி.ஜி. டெய்லர் 1844இல் வெளியிட்ட சென்னை விண்மீன் அட்டவணை 11,015 விண்மீன்களின் இருப்பிடங்களைத் தந்தது.

1861இன் தொடக்கத்தில் சென்னைக்கு வந்த பாக்சன் புதியவர் அல்லர். ஆக்ஸ்ஃபோர்டில் உள்ள ராட்கிளிஃப் வான்நோக்கு நிலையத்தில் உதவியாளராக இருந்த காலத்திலேயே ஐசிஸ் (42), அரியாட்னி (43), ஹெஸ்டியா (46) ஆகிய மூன்று சிறுகோள்களை 1856, 1857 ஆண்டுகளில் கண்டவர். சென்னைக்கு வந்து சில மாதங்களுக்குள் அவர் கண்ட சிறுகோள், ஆசியக் கண்டத்திலிருந்து கண்டுபிடிக்கப்பட்ட முதல் சிறுகோள். அதற்கு அவர் இட்ட பெயரும் ஆசியா. கிரேக்கத் தொன்மத்தில் அப்பெயர் கொண்ட ஒரு தேவதை உண்டு. சிறுகோள்களுக்குத் தொன்மப் பெண்களின் பெயரிடும் அன்றைய மரபுக்கும், கண்ட இடத்தைக் குறிக்கும் விருப்பத்துக்கும் அப்பெயர் ஒருசேரப் பொருந்தியது.

சென்னை வானத்தின் இயல்பு

அன்று சிறுகோள் தேடுவது கண்ணாலும் கையாலும் செய்யும் பணி. கோள்கள் இயங்கும் வான்பட்டையின் ஒரு சிறு பகுதிக்கு விண்மீன் வரைபடம் தீட்டிக்கொள்ள வேண்டும். பிறகு இரவுதோறும் தொலைநோக்கியில் தெரியும் விண்மீன்களை அந்த வரைபடத்தோடு ஒவ்வொன்றாக ஒப்பிட வேண்டும். வரைபடத்தில் இல்லாத புள்ளி ஒன்று தென்பட்டால் அது விடுபட்ட விண்மீனாகவோ ஒளி மாறும் விண்மீனாகவோ இருக்கலாம். மறுநாள் அது நகர்ந்திருந்தால் மட்டுமே சிறுகோள் என்ற முடிவுக்கு இடமுண்டு. முதன்மைப் பட்டையில் உள்ள சிறுகோள் ஒன்று, கதிரவனுக்கு நேர் எதிர்த்திசையில் தெரியும் காலத்தில், ஒரு நாளில் முழுநிலவின் விட்டத்தில் பாதியளவோ அதற்கும் குறைவாகவோதான் நகரும். அந்தச் சிறு நகர்வைக் காண்பதற்கு நல்ல வரைபடமும் பழகிய கண்ணும் இடையறாத தெளிவான இரவுகளும் வேண்டும்.

இங்கே சென்னையின் நிலப்பரப்பியல் ஒரு நன்மையைத் தந்தது. ஐந்தில் மூன்று சிறுகோள்கள் ஏப்ரல் நடுப்பகுதிக்கும் மே நடுப்பகுதிக்கும் இடையில் காணப்பட்டவை என்பது கவனத்துக்குரியது. கோடையின் தெளிந்த இரவுகள் ஒரு காரணமாகலாம். மற்றொன்று வானியல் வழிப்பட்டது. அந்த மாதங்களில் கதிரவனுக்கு நேர் எதிரே உள்ள வான்பகுதி கன்னி, துலாம், விருச்சிகம் என்ற வரிசையில் தெற்கு நோக்கி இறங்குகிறது. மே நடுவில் அந்தப் பகுதி லண்டனில் நள்ளிரவின்போது தொடுவானத்திலிருந்து ஏறத்தாழ 20 பாகை உயரமே எழும். ஐரோப்பியக் கோடையின் குறுகிய இரவும் மங்காத அந்திவெளிச்சமும் தேடலை மேலும் கடினமாக்கும். அதே பகுதி சென்னையில் 58 பாகை உயரத்தில் நிற்கும். ஐரோப்பாவின் தொலைநோக்கிகள் புகைமூட்டத்தினூடே சாய்ந்து பார்க்க வேண்டிய இடத்தைச் சென்னையின் சிறிய தொலைநோக்கி தலையை நிமிர்த்திப் பார்த்தது.

புள்ளியிலிருந்து பாதைக்கு

காண்பது எளிதாகிவிட்டாலும் காப்பது எளிதன்று. நகரும் புள்ளி சில மாதங்களில் கதிரவனின் ஒளியில் மறைந்துவிடும். மீண்டும் தெரியும்போது அது வானின் வேறொரு மூலையில், ஆயிரக்கணக்கான மங்கிய விண்மீன்களின் நடுவில் இருக்கும். எங்கே தேடுவது என்று அறிய அதன் சுற்றுப்பாதையை முன்கூட்டியே கணக்கிட்டிருக்க வேண்டும். 1801இல் செரஸ் இவ்வாறு தொலைந்தபோது, கார்ல் ஃபிரெடரிக் கௌஸ் சில நோக்கீடுகளிலிருந்தே பாதையைக் கணிக்கும் முறையை உருவாக்கினார். அம்முறைப்படி, வெவ்வேறு நாள்களில் அளந்த மூன்று இருப்பிடங்கள் இருந்தால் போதும். ஒவ்வோர் இருப்பிடமும் இரண்டு எண்களைத் தரும். ஆறு எண்களிலிருந்து பாதையின் அளவு, நீள்வட்டத்தின் நெளிவு, சாய்வு, திசையைக் குறிக்கும் இரண்டு கோணங்கள், குறிப்பிட்ட நாளில் அப்பாதையில் கோள் இருக்கும் இடம் என்ற ஆறு கூறுகளைப் பெறலாம்.

மூன்று நோக்கீடுகள் கணிதத்துக்குப் போதும், நடைமுறைக்குப் போதா. ஒவ்வோர் அளவீட்டிலும் சிறு பிழை உண்டு. நாள் இடைவெளி குறைவாக இருந்தால் அச்சிறு பிழை பாதைக் கணக்கில் பெரிதாக வீங்கும். எனவே கண்டவர் வாரக்கணக்கில் தொடர்ந்து அளக்க வேண்டும். 1861இல் சென்னைக்கும் லண்டனுக்கும் நேரடித் தந்தித் தொடர்பு இல்லை. செய்தி கப்பலில் வாரக்கணக்கில் சென்றது. ஐரோப்பாவில் ஒருவர் கடிதத்தைப் பிரித்துப் படிக்கும் நேரத்தில் புள்ளி நகர்ந்திருக்கும், மங்கியும் இருக்கும். ஆகவே சென்னை கண்ட சிறுகோளைச் சென்னையே பின்தொடர வேண்டியிருந்தது. விண்மீன்களின் இருப்பிடத்தை ஆண்டுக்கணக்கில் அளந்து பழகிய ஒரு நிலையத்தால்தான் அது இயன்றது. நகரும் புள்ளியின் இருப்பிடம் அருகிலுள்ள விண்மீன்களின் இருப்பிடத்தை ஒட்டியே அளக்கப்படுகிறது. ஒப்பீட்டு விண்மீன் தவறானால் சிறுகோளும் தவறும்.

இவ்வாறு பெறப்பட்டுப் பின்னர் ஒன்றரை நூற்றாண்டு நோக்கீடுகளால் செம்மை பெற்ற பாதைகள் இந்த ஐந்தையும் வெவ்வேறு குடிகளாகப் பிரிக்கின்றன. ஆசியா கதிரவனிலிருந்து சராசரியாக 2.42 வானியல் அலகுத் தொலைவில் 3.77 ஆண்டுகளுக்கு ஒருமுறை சுற்றுகிறது. சாஃபோ 2.30 அலகுத் தொலைவில் ஏறத்தாழ மூன்றரை ஆண்டுகளில் சுற்றுகிறது. இரண்டும் பட்டையின் உட்பகுதியைச் சேர்ந்தவை. வெரா 3.1 அலகுத் தொலைவில், பட்டையின் வெளிப்பகுதியில் இருக்கிறது. சில்வியா 3.48, கமில்லா 3.49 அலகுத் தொலைவில், பட்டையின் வெளி விளிம்பில் ஆறரை ஆண்டுகளுக்கு ஒருமுறை சுற்றுகின்றன.

சில்வியா காணப்பட்ட அதே 1866இல்தான் அமெரிக்க வானியலாளர் டேனியல் கர்க்வுட், அதுவரை அறியப்பட்ட சிறுகோள் பாதைகளில் இடையிடையே வெற்றிடங்கள் உள்ளதைச் சுட்டினார். வியாழனின் சுற்றுக்காலத்தோடு எளிய விகிதத்தில் அமையும் தொலைவுகளில், மீண்டும் மீண்டும் ஒரே திசையில் வியாழன் இழுப்பதால் சிறுகோள்கள் நிலைப்பதில்லை. வியாழன் ஒருமுறை சுற்றும்போது சிறுகோள் இருமுறை சுற்றும் இடமான ஏறத்தாழ 3.28 அலகுத் தொலைவு அத்தகைய வெற்றிடங்களுள் ஒன்று. சில்வியாவும் கமில்லாவும் அந்த வெற்றிடத்துக்கு அப்பால் உள்ளவை. சென்னையின் இரண்டு கண்டுபிடிப்புகள், பட்டை எங்கே முடிகிறது என்ற கேள்விக்கு அன்று கிடைத்த மிகச் சில சான்றுகளுள் அடங்கின.

ஒளித்தரம் சொன்னதும் சொல்லாததும்

பாதை தெரிந்த பின்னும் கோளின் இயல்பு தெரியாது. தொலைநோக்கியில் புள்ளியாகவே தெரியும் ஒன்றைப் பற்றி இருப்பிடத்துக்கு அடுத்து அளக்கத்தக்கது அதன் ஒளி மட்டுமே. இங்கு பாக்சனின் பெயர் வானியல் முழுவதற்கும் உரியதாகிறது. விண்மீன்களை முதல் தரம் முதல் ஆறாம் தரம் வரை பிரிக்கும் வழக்கம் கிரேக்கர் காலத்தது. முதல் தரத்துக்கும் ஆறாம் தரத்துக்கும் இடையே ஒளி 100 மடங்கு வேறுபடுகிறது எனக் கொண்டு, அடுத்தடுத்த இரு தரங்களின் விகிதத்தை 2.512 என நிறுத்தினார் பாக்சன். இன்றும் உலகெங்கும் வழங்கும் அளவுகோல் அதுவே. அதை அவர் 1856இல் முன்மொழிந்த கட்டுரை விண்மீன்களைப் பற்றியதன்று; 36 சிறுகோள்கள் 1857ஆம் ஆண்டின் ஒவ்வொரு மாத முதல் நாளிலும் எவ்வளவு ஒளியுடன் தெரியும் என்று முன்கணித்த கட்டுரை. ஒரு சிறுகோள் அணுகும்போதும் விலகும்போதும் அதன் ஒளி கணித ஒழுங்கோடு கூடிக் குறைவதால், ஒளித்தரத்துக்கும் கணித ஒழுங்குள்ள அளவுகோல் தேவைப்பட்டது. வானியலின் அடிப்படை அளவுகளுள் ஒன்று சிறுகோள் தேடலின் நடைமுறைத் தேவையிலிருந்து பிறந்தது.

அந்த அளவுகோலின்படி சில்வியா நன்றாகத் தெரியும் காலத்திலும் ஏறத்தாழ 12ஆம் தரம். வெறுங்கண்ணுக்கு எட்டும் கடைசி எல்லையான ஆறாம் தர விண்மீனைவிட அது 250 மடங்கு மங்கல். ஆசியா அதைவிடச் சற்று ஒளிமிக்கது. தொலைவின் வேறுபாட்டைக் கணக்கிட்டு நீக்கினால் சில்வியாவே இயல்பில் ஒளி மிகுந்தது என்று தெரியவரும். அதற்குமேல் ஒளித்தரம் எதையும் சொல்லாது. ஒளி மிகுதிக்குக் கோளின் பருமன் காரணமாகலாம். வெண்மையான மேற்பரப்பும் காரணமாகலாம். இரண்டையும் பிரித்தறிய வழியில்லாத நிலை பாக்சனின் காலம் கடந்தும் நீடித்தது.

வழி இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கிடைத்தது. கோள் திருப்பி அனுப்பும் ஒளியோடு, வெப்பமடைந்து அது உமிழும் அகச்சிவப்புக் கதிரையும் அளந்தால், பருமனையும் எதிரொளிதிறனையும் தனித்தனியே பெறலாம். கரிய கோள் அதிக வெப்பத்தை உள்வாங்கி அதிகமாக உமிழும். வெளிறிய கோள் குறைவாக உமிழும். 1983இல் ஏவப்பட்ட ஐராஸ் என்ற அகச்சிவப்புச் செயற்கைக்கோள் இவ்வகையில் ஏராளமான சிறுகோள்களை அளந்தது. ஆசியாவின் விட்டம் ஏறத்தாழ 60 கிலோமீட்டர் என்றும், அது தன்மேல் விழும் ஒளியில் கால் பங்கைத் திருப்பி அனுப்பும் கல்வகைக் கோள் என்றும் இன்று அறிகிறோம். சில்வியாவின் விட்டம் ஏறத்தாழ 270 கிலோமீட்டர். அதன் மேற்பரப்பு கரிபோல் கறுத்தது. விழும் ஒளியில் 4 அல்லது 5 விழுக்காடே திரும்புகிறது. ஆசியாவின் எதிரொளிதிறனே சில்வியாவுக்கும் உரியது எனக் கொண்டு கணக்கிட்டால் விட்டம் 110 கிலோமீட்டர் என்றே வரும். விட்டத்தில் இரண்டரை மடங்குப் பிழை, பருமனளவில் பதினைந்து மடங்குப் பிழையாகும். 1866இல் ஒளித்தரத்தை மட்டும் கொண்டு அளவைச் சொல்லத் துணிந்த எவரும் இவ்வளவு தவறியிருப்பார்.

சாஃபோவும் கதிரவனின் தொலைவும்

மேலே பாதைகளின் அளவு வானியல் அலகில் தரப்பட்டது. பூமிக்கும் கதிரவனுக்கும் உள்ள சராசரித் தொலைவே ஓர் அலகு. கெப்ளரின் விதிப்படி சுற்றுக்காலத்திலிருந்து எந்தப் பாதையின் அளவையும் அலகுகளில் பெறலாம். ஆனால் ஓர் அலகு எத்தனை கிலோமீட்டர் என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டு வானியலின் பெருஞ்சிக்கல். 1874 டிசம்பரில் வெள்ளி கதிரவனைக் கடந்த நிகழ்வை உலகெங்கும் குழுக்கள் நோக்கியது இதற்காகவே. அந்நிகழ்வை விளக்கிச் சென்னை நிலையத்தின் முதல் உதவியாளர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி ஒரு நூல் எழுதினார். மரபுவழிக் கணிதர் ஒருவருக்கும் பண்டிதர் ஒருவருக்கும் இடையே நிகழும் உரையாடலாக அமைந்த அந்நூல் இந்திய மொழிகளிலும் வெளிவந்தது. ஆனால் வெள்ளியின் விளிம்பு கதிரவனின் விளிம்பைத் தொடும் நொடியைத் துல்லியமாகக் குறிக்க இயலாததால் கிடைத்த விடைகள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை.

மாற்று வழி சிறுகோள்களிடம் இருந்தது. பூமியை ஓரளவு நெருங்கி வரும் சிறுகோளை இரு வெவ்வேறு இடங்களிலிருந்து நோக்கினால், பின்னணி விண்மீன்களை ஒட்டி அதன் இருப்பிடம் சற்று விலகித் தெரியும். புள்ளியாகத் தெரிவதே இங்கு நன்மை: விளிம்பு மங்கும் சிக்கல் எழாது. நன்னம்பிக்கை முனை வான்நோக்கு நிலையத்தின் டேவிட் கில், 1888, 1889 ஆண்டுகளில் ஐரிஸ், விக்டோரியா, சாஃபோ ஆகிய மூன்று சிறுகோள்களைத் தேர்ந்து, பல நாட்டு நிலையங்களின் துணையோடு அளந்தார். மூன்றும் பாதையின் நெளிவால் கதிரவனிலிருந்து ஏறத்தாழ 1.8 அலகுத் தொலைவு வரை நெருங்கி வருபவை. கில் பெற்ற விடை 8.80 விகலை, அதாவது ஓர் அலகு ஏறத்தாழ 14 கோடியே 95 லட்சம் கிலோமீட்டர். இன்றைய அளவு 14 கோடியே 96 லட்சம். 1896இல் பன்னாட்டு மாநாடு 8.80 என்ற மதிப்பை ஏற்றது. அரை நூற்றாண்டுக்கும் மேலாக உலகின் வானியல் பஞ்சாங்கங்கள் அதையே கையாண்டன. 1864இல் சென்னையில் காணப்பட்ட சாஃபோ, தன் பாதையையும் பிற கோள்களின் பாதைகளையும் கிலோமீட்டரில் சொல்ல உதவிய அளவுகோலை அமைப்பதில் பங்கேற்றது. பெயரும் எண்ணும் மட்டும் கொண்ட அட்டவணையில் இந்தச் செய்திக்கு இடமில்லை.

சில்வியா, கமில்லா: நிறை அறியப்பட்ட விதம்

ஒரு கோளின் நிறையை அறிய, அது வேறொன்றை எவ்வளவு வலிமையாக ஈர்க்கிறது என்று பார்க்க வேண்டும். துணைக்கோள் இருந்தால் வழி எளிது. சில்வியாவுக்குத் துணைக்கோள் உண்டு என்று 2001இல் ஹவாயின் கெக் தொலைநோக்கியால் மைக்கேல் பிரவுனும் ழான்-லுக் மார்கோவும் கண்டனர். அதே ஆண்டில் கமில்லாவின் துணைக்கோளை ஹபிள் தொலைநோக்கி காட்டியது. 2005இல் ஃபிராங்க் மார்ஷி தலைமையிலான குழு, சிலி நாட்டிலுள்ள மிகப் பெரும் தொலைநோக்கி வரிசையைக் கொண்டு சில்வியாவின் இரண்டாம் துணைக்கோளை அறிவித்தது. இரண்டு துணைக்கோள்கள் உள்ளதாக அறியப்பட்ட முதல் சிறுகோள் சில்வியா. கமில்லாவின் இரண்டாம் துணைக்கோள் 2016இல் அறியப்பட்டது. சென்னையில் இரண்டரை ஆண்டு இடைவெளியில் காணப்பட்ட இரு புள்ளிகளும் மும்மூன்று உடல்கள் கொண்ட குடும்பங்கள் என்பது தெரிய ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு ஆயிற்று.

சில்வியாவின் பெயரைக் குறித்து ஒரு குழப்பம் நெடுநாள் நிலவியது. பிரெஞ்சு வானியல் எழுத்தாளர் காமிய் ஃபிளமாரியனின் மனைவி சில்வியின் பெயர் என்று சில நூல்கள் எழுதின. பாக்சன் குறித்தது உரோமத் தொன்மத்தில் வரும் ரியா சில்வியாவை. இரட்டையரான ரோமுலசுக்கும் ரீமசுக்கும் அவளே தாய். எனவே இரு துணைக்கோள்களுக்கும் ரோமுலஸ், ரீமஸ் என்ற பெயர்கள் வந்தன. 1866இல் இட்ட பெயரின் பொருளைச் சரியாக அறிந்திருந்ததால் 2005இல் இட்ட பெயர்கள் பொருந்தின.

ரோமுலஸ் சில்வியாவின் நடுவிலிருந்து ஏறத்தாழ 1,356 கிலோமீட்டர் தொலைவில் 3.65 நாள்களுக்கு ஒருமுறை சுற்றுகிறது. தொலைவையும் காலத்தையும் கெப்ளர், நியூட்டன் விதிகளில் இட்டால் சில்வியாவின் நிறை பூமியின் நிறையில் நான்கு லட்சத்தில் ஒரு பங்கு என்று வருகிறது. பருமனளவால் வகுத்தால் அடர்த்தி நீரைப் போல் ஏறத்தாழ 1.2 முதல் 1.4 மடங்குதான். கமில்லாவின் அடர்த்தியும் 1.3 மடங்கு அளவே. திண்ணிய பாறை நீரைப் போல் இரண்டரை மடங்குக்கு மேல் அடர்ந்தது. ஆகவே இவ்விரண்டும் முழுப் பாறைகள் அல்ல. உள்ளே கணிசமான வெற்றிடமும், ஒருவேளை பனிக்கட்டியும் கொண்டவை. பழைய மோதல் ஒன்றில் நொறுங்கிய தாய்க்கோளின் துண்டுகள் தம் ஈர்ப்பால் மீண்டும் குவிந்த குவியல்களாகவும், சிதறிய எச்சங்களுள் சில துணைக்கோள்களாக நின்றனவாகவும் இவற்றைக் கருதுகின்றனர். சில்வியா 5.2 மணி நேரத்தில், கமில்லா 4.8 மணி நேரத்தில் தம்மைத் தாமே சுற்றிக்கொள்கின்றன. விரைந்து சுழலும் இடிபாட்டுக் குவியல் நீண்டு போவது இயல்பு. சில்வியாவின் நெடிய அச்சு 360 கிலோமீட்டருக்கு மேற்பட்டது.

பெயர் பெற்றோரும் பெறாதோரும்

ஐந்து கண்டுபிடிப்புகளும் பாக்சனுக்கே உரியவை. அதில் ஐயத்துக்கு இடமில்லை. ஆனால் ஒரு நிலையம் ஒருவரால் இயங்குவதில்லை. பாக்சனின் முப்பது ஆண்டுப் பணிக்காலத்தில் சென்னையின் நடுவரை வட்டக் கருவியால் 5,000க்கும் மேற்பட்ட விண்மீன்களின் இருப்பிடங்கள் அளக்கப்பட்டன. அப்பணியில் பெரும்பங்கு இந்திய உதவியாளர்களுடையது. அவர்களுள் தலையாயவரான ரகுநாதாச்சாரி 1867இல் தென்வானத்தில் ஆர் ரெட்டிகுலி என்ற ஒளிமாறும் விண்மீனைக் கண்டார். 1872இல் லண்டன் அரச வானியல் கழகத்தின் உறுப்பினரானார். 1868 ஆகஸ்ட் 18 அன்று நிகழ்ந்த முழுக் கதிரவ மறைப்பைப் பாக்சன் மசூலிப்பட்டினத்தில் நோக்கியபோது, ரகுநாதாச்சாரி வனபர்த்தியில் தனிக் குழுவுக்குத் தலைமை ஏற்றார். நோக்கிக் கண்ட இருப்பிடத்தோடு பொருந்தும் திருக்கணிதப் பஞ்சாங்கத்துக்காக வாதிட்டவரும் அவரே. வாய்பாட்டை நம்புவதா வானத்தைப் பார்ப்பதா என்ற கேள்வியைச் சிறுகோள் பாதைக் கணிப்பும் பஞ்சாங்கக் கணிப்பும் ஒன்றுபோல் எழுப்புகின்றன. அவர் இரண்டு களங்களிலும் ஒரே விடையைச் சொன்னார். 1880இல் அவர் மறைந்தார்.

பாக்சனின் மகள் ஐசிஸ் பாக்சன் 1873 முதல் நிலையத்தில் கணிப்பாளராகப் பணியாற்றினார். நோக்கிய எண்களைத் திருத்திப் பயன்படும் இருப்பிடங்களாக மாற்றுவது கணிப்பாளரின் வேலை. 1886இல் அவர் பெயரைப் பாக்சன் அரச வானியல் கழகத்துக்கு முன்மொழிந்தார். கழக விதிகள் ஆணை மட்டுமே குறிக்கின்றன என்ற காரணத்தால் அது நிறைவேறவில்லை. 1920இல்தான் அவர் உறுப்பினரானார். ரகுநாதாச்சாரிக்கு 1872இல் திறந்த கதவு ஐசிசுக்கு 34 ஆண்டுகள் மூடியிருந்தது. குடியேற்றக் கால அறிவியலின் விலக்குகள் ஒரே கோட்டில் அமைந்தவை அல்ல என்பதற்கு ஒரே அலுவலகத்தின் இவ்விருவரும் சான்று.

பாக்சன் 1891 ஜூனில் மறைந்தார். விண்மீன் அளவீடுகளின் தொகுதிகள் பெரும்பகுதியும் அவருக்குப்பின் பொறுப்பேற்ற மிக்கி ஸ்மித்தின் கையால் அச்சேறின. அதே 1891 டிசம்பரில் ஜெர்மனியில் மாக்ஸ் உல்ஃப் நிழற்படத் தகட்டால் சிறுகோளைக் கண்டுபிடிக்கும் முறையைத் தொடங்கினார். நகரும் புள்ளி தகட்டில் சிறு கோடாகத் தானே பதிந்துவிட, வரைபடமும் கண்ணும் கொண்டு தேடும் காலம் முடிந்தது. 1899இல் வானியல் பணி கொடைக்கானலுக்கு இடம்பெயர்ந்தது. கவனம் கதிரவனின் இயற்பியலுக்குத் திரும்பியது. தமிழகத்தில் சிறுகோள் தேடல் மீண்டும் உயிர்பெற்றது 1980களின் இறுதியில், ஜவ்வாது மலையிலுள்ள காவலூரில். ஆர். ராஜமோகன் தலைமையில் கல்கி என்ற பெயரில் நடந்த திட்டத்தில், 45 செ.மீ. ஷ்மிட் தொலைநோக்கியால் 1988 பிப்ரவரி 17 அன்று காணப்பட்ட சிறுகோள் ராமானுஜன் (4130) எனப் பெயர் பெற்றது. வெராவுக்கும் ராமானுஜனுக்கும் இடையே 103 ஆண்டுகள்.

இந்த நீண்ட வரலாற்றில் எந்தத் தலைமுறையும் தான் அளந்ததன் முழுப் பயனைக் கண்டதில்லை. பாக்சன் ஆசியாவின் எதிரொளிதிறனை அறியவில்லை. கில்லுக்காகவே சாஃபோ தேடப்படவில்லை. ரீமசைக் கண்ட குழு, 1866இன் ஒரு கோடை இரவையும் அதற்குப் பின் வந்த எண்ணற்ற நோக்கீடுகளையும் பயன்படுத்திக்கொண்டது. இருப்பிடத்தையும் நேரத்தையும் ஒளித்தரத்தையும் நேர்மையாகப் பதிந்து வைத்ததே அவர்களை இணைக்கிறது. இன்று சென்னை நிலைய ஆவணங்களை அணுகும் ஆய்வு மாணவர் முன் இரண்டு பணிகள் உள்ளன. உதவியாளர்களின் கையெழுத்துகளையும் பணிப் பங்கீட்டையும் நோக்குப் பதிவேடுகளிலிருந்து வரிசைப்படுத்துவது ஒன்று. அவற்றை அன்றைய பஞ்சாங்க விவாதங்களோடும் இந்திய மொழி வெளியீடுகளோடும் இணைத்துப் படிப்பது மற்றொன்று. வானியலாளர்கள் முதற்பணிக்கும் தமிழ் வரலாற்று ஆய்வாளர்கள் இரண்டாவதற்கும் பயிற்சி பெற்றவர்கள். இரு தரப்பினரும் ஒரே மேசையில் அமராத வரையில், ஆசியாவின் முதல் சிறுகோளின் வரலாறு அட்டவணையின் ஒற்றை வரியாகவே நீடிக்கும்.